மேல், நடு, அடி

கலவையக்காவிடம் ‘ஏறக்குறைய’ என்ற சொல்லைச் சொல்லிவிட்டு யாரும் தப்பிக்க முடியாது. “ஏறக்குறைய இந்த நீலம் போதும்க்கா” என்று ஏதாவது ஒரு பெயிண்டர் வாய்தவறிச் சொல்லிவிட்டால், கலக்குக் குச்சியைக் கீழே வைத்துவிட்டு அவனை ஏற இறங்கப் பார்ப்பாள். “உன் வீட்டுக் கதவ ஏறக்குறைய பூட்டிட்டு வருவியா?” என்பாள். அவன் சிரித்துக்கொண்டே நகர்ந்துவிடுவான். அவள் மறுபடி குச்சியை எடுப்பாள்.

கலவையக்கா என்பது பெயிண்டர்கள் வைத்த பெயர். அந்தப் பெயிண்ட் கடையின் பின்னறையில் பதினான்கு வருடமாக நிறம் கலக்கிறாள். எண்ணைத் தட்டினால் நிறம் ஊற்றும் எந்திரமும் கடையில் உண்டு. ஆனால் பத்து வருடம் வெயிலில் வெளுத்த சுவரின் நிறம் எந்த எந்திரத்துக்கும் தெரியாது. சுவரிலிருந்து நகத்தளவு பெயர்த்துக் கொண்டுவந்தால், ஜன்னல் வெளிச்சத்தில் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, வெள்ளையில் சொட்டுச் சொட்டாகச் சாயம் விட்டு, கலக்கி, ஒரு வெள்ளை அட்டையில் விரலால் ஒரு தீற்று தீற்றி, மின்விசிறிக்கு நேரே பிடித்துக் காயவைப்பாள். காய்ந்த பிறகு பெயர்த்த துண்டை அதன்மேல் வைத்தால் துண்டு எங்கே இருக்கிறதென்று தேட வேண்டும்.

அவளுக்குப் பதினொரு வயதிலிருந்து வலிப்பு நோய். இடது கை விறைக்கும், கழுத்து ஒரு பக்கம் திரும்பும், அதற்குப் பிறகு அவளுக்கு ஒன்றும் தெரியாது. கண் விழிக்கும்போது நாக்கு கடிபட்டிருக்கும், சுற்றிலும் முகங்கள் இருக்கும். அந்த முகங்களைத்தான் அவளுக்குப் பிடிக்காது. வலிப்பைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், இந்த முகங்கள் காட்டும் ‘ஐயோ பாவம்’ இருக்கிறதே, அதற்கு மருந்தில்லை என்பாள்.

வலிப்புக்கு மருந்து இருந்தது. ஃபெனிட்டாயின் என்று பெயர். மூளையின் நரம்புச் செல் ஒவ்வொன்றிலும் உப்பின் துகள்கள் நுழையும் சின்னச் சின்ன வாசல்கள் உண்டு. வாசல் திறந்தால் செல் ஒருமுறை குரல் கொடுக்கும். உடனே வாசல் மூடிக்கொள்ளும், கொஞ்சம் ஓய்ந்து மறுபடி திறக்கத் தயாராகும். வலிப்பின்போது ஒரு கூட்டம் செல்கள் மூச்சு விடாமல் கத்துகின்றன. இந்த மருந்து அந்த வாசலை மூடிய நிலையில் இன்னும் சற்று நேரம் பிடித்துவைக்கிறது. நிதானமாகப் பேசும் செல்லுக்கு அதனால் பெரிய இடைஞ்சல் இல்லை. ஓயாமல் கத்துகிற செல்லுக்குத்தான் அடுத்த கத்தல் வெளியே வராது. ஊரையே மயங்கவைக்காமல் சத்தம் போடுகிறவனை மட்டும் உட்காரவைக்கிற மருந்து.

எல்லோரும் மாத்திரையாக விழுங்குவதை அவள் குடித்தாள். சின்ன வயதில் ஒரு மாத்திரை தொண்டையில் சிக்கி மூச்சு நின்று பிழைத்ததிலிருந்து, மாத்திரையைப் பார்த்தாலே அவளுக்குத் தொண்டை அடைத்துக்கொள்ளும். “ஆளு அலமாரி மாதிரி இருக்கா, குடிக்கிறது குழந்தை மருந்து” என்று அண்ணி கேலி செய்வாள். காலையில் ஆறு மில்லி, மாலையில் ஆறு மில்லி. ஒரு பெரிய பாட்டில் இருபது நாள் வரும். ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலில் சீட்டைக் காட்டி வாங்கி வருவது அண்ணியின் வேலை.

அவள் அண்ணன் வீட்டில் இருந்தாள். அண்ணன் தச்சுவேலை செய்கிறவர். வாய்ப்பேச்சு குறைவு, சொல்ல வேண்டியதை மரத்தில் செய்து வைத்துவிடுவார். தங்கைக்கு மூலை மழுங்கிய கட்டில், மூலை மழுங்கிய மேசை, உள்ளே தாழ்ப்பாள் இல்லாத குளியலறைக் கதவு. அந்த வீட்டில் கூரான மூலை என்று ஒன்று இல்லை, அண்ணியின் வாயைத் தவிர.

போன வருடம் ஒரு நாள் மருந்து பாட்டில் அவள் கையிலிருந்து நழுவி உடைந்தது. ஆஸ்பத்திரி மருந்து ஜன்னலுக்குத் தொடர்ந்து நான்கு நாள் விடுமுறை. அந்த நாட்களில் வெளிக்கடைகளிலும் அந்த மருந்து கிடைக்கவில்லை. பல வருடமாக உடம்பில் ஊறிய மருந்து சட்டென்று நின்றதில், மூன்றாம் நாள் ஒரு வலிப்பு அடங்குவதற்குள் அடுத்தது, அது அடங்குவதற்குள் அடுத்தது என்று வரிசையாக வந்து, ஆம்புலன்ஸில் தூக்கிப் போனார்கள். அவளுக்கு அதில் எதுவும் நினைவில்லை. அண்ணனுக்கு எல்லாம் நினைவிருந்தது.

அவள் வீடு திரும்பியபோது சமையலறைச் சுவரில் ஒரு மரத்தாங்கி இருந்தது. கனமான பலகை, பாட்டிலின் வயிற்றை இறுகப் பிடிக்கும் அகலமான வளையம், அடியில் ஒரு குழி. நாலு ஆணி அடித்துச் சுவரோடு சுவராக நின்றது. பூகம்பம் வந்தால் வீடு விழும், பாட்டில் விழாது. இனி யாரும் பாட்டிலைத் தொட்டுத் தூக்கக் கூடாது என்பது சட்டம். ஊசியில்லாத நீளமான சிரிஞ்சை மேலிருந்து விட்டு அளவாக உறிஞ்சி, காலையில் அண்ணியே அவள் வாயில் விடுவாள். மாலை வேளைக்கு ஆறு மில்லியைச் சின்னக் குப்பியில் ஊற்றிக் கொடுத்தனுப்புவாள். அதைக் கடையில் சாய அலமாரிக்குப் பின்னால் ஒளிந்து நின்று குடித்துவிடுவது கலவையக்காவின் வழக்கம். பாட்டில் காலியாகும் சமயத்தில் அடியில் கெட்டியாக ஒட்டியிருப்பதையும் அண்ணி விடமாட்டாள். கொஞ்சம் வெந்நீர் விட்டுக் கரைத்து, “மருந்து வீணாகக் கூடாது” என்று கடைசிச் சொட்டு வரைக்கும் கொடுத்துவிடுவாள்.

இத்தனை கவனத்துக்குப் பிறகுதான் எல்லாம் கெட்டுப்போனது.

எட்டு மாதத்தில் ஐந்து முறை வலிப்பு வந்தது. பாட்டில் உடைவதற்கு முன் மூன்று வருடமாக ஒன்றுகூட வந்ததில்லை. இடையிடையே சில நாட்கள் தலை சுற்றும், நேர்க்கோட்டில் நடக்க வராது, கண்மணி தானாகத் துள்ளும், அட்டையில் வைத்த நிறம் இரண்டாகத் தெரியும். பக்கத்து வீட்டில் பௌர்ணமி என்றார்கள். கலவையக்கா காலண்டரில் குறித்து வைத்திருந்த நாட்களை எடுத்துக் காட்டி, “உங்க நிலா மாசத்துக்கு எத்தன தடவ முழுசாகுது?” என்று கேட்டு அனுப்பினாள். மாதவிலக்காக இருக்கும் என்று அண்ணி கணக்குப் போட்டுப் பார்த்தாள். அதுவும் பொருந்தவில்லை.

ஐந்தாவது வலிப்பு கடையில் வந்தது. இருபது லிட்டர் டின்கள் இரண்டு சரிந்தன. அவள் கண் விழித்தபோது ஒரு பக்கம் முழுக்க வெள்ளையாக இருந்தாள், சுற்றிலும் அதே முகங்கள். முதலாளி கெட்டவர் இல்லை, பயந்தவர். மறுநாள் அவளைக் கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டே பேசினார். அவள் டின்னின்மேல் விழுந்திருந்தால் யார் பதில் சொல்வது, கடையில் நாலு பேர் வந்துபோகிறார்கள், என்று சுற்றிச் சுற்றி வந்து கடைசியில் சொன்னார்: நோய் கட்டுக்குள் இருக்கிறது, வேலை செய்யலாம் என்று டாக்டர் ஒரு கடிதம் தர வேண்டும். ஐம்பது நாள் தவணை. இல்லையென்றால் அவள் வீட்டிலேயே இருந்துகொள்ளலாம்.

“வீட்டுல இருந்து என்ன பண்றது முதலாளி? எங்கண்ணன் வீட்டுல எல்லாச் சுவரும் ஒரே நிறம்” என்றாள் கலவையக்கா. அவர் சிரிக்கவில்லை. அந்த ஜன்னலும் அந்த மேசையும் போய்விட்டால் ஊரில் அவள் வெறும் வலிப்புக்காரிதான்.

ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரத்தத்தில் மருந்தளவு பார்க்கச் சொன்னார். பத்துக்கும் இருபதுக்கும் இடையில் இருக்க வேண்டியது, ஐந்து என்று வந்தது. அன்று நூற்றுப்பத்தாவது நோயாளியைப் பார்த்த களைப்பில் இருந்தார் அவர். மருந்தை ஒழுங்காகக் குடித்தால் ஐந்து வராது என்று சொல்லிவிட்டு, கோப்பில் ஒரு வரி எழுதினார். கலவையக்கா தலைகீழாக எழுத்துக்கூட்டிப் படித்தாள். ‘மருந்து ஒழுங்காக எடுப்பதில்லை.’ கடிதம் கேட்டதற்கு, கோப்பில் இப்படி இருக்கும்போது எப்படித் தர முடியும் என்றார். வேளைக்கு ஒரு மில்லி கூட்டி, இரண்டு வாரத்தில் வரச் சொன்னார்.

வீட்டில் சண்டை. மருந்து கொடுப்பது அண்ணி; மருந்து போகவில்லை என்றால் அண்ணியைத்தானே குறை சொல்கிறார்கள். “நான் குடுத்தேன். நீ முழுங்கினியான்னு உள்ள இறங்கியா பாக்க முடியும்?” என்றாள் அண்ணி. கலவையக்கா அன்றிலிருந்து ஒவ்வொரு வேளையும் விழுங்கிவிட்டு வாயை ஆவென்று திறந்து, நாக்கைத் தூக்கி, கன்னத்தை இழுத்துக் காட்டினாள். அதுவும் போதாதென்று காலண்டரில் அண்ணியைக் கையெழுத்துப் போடச் சொன்னாள். மாலைக் குப்பியையும் வீட்டுக்குத் திரும்பி வந்து அண்ணி முன்னால்தான் குடித்தாள். “எனக்கெதுக்குடி இந்த நாடகம்” என்று முனகிக்கொண்டே அண்ணி கையெழுத்துப் போட்டாள். இரண்டு வாரம், இருபத்தெட்டுக் கையெழுத்து.

இரண்டு வாரம் முடியும்போது அவளால் எழுந்து நிற்க முடியவில்லை. நடந்தால் சுவர் வந்து இடித்தது. நாக்கு புரளவில்லை. கடை வாசலில் காவலாளி அவளை நிறுத்தி, “வாய ஊது பாப்போம்” என்றான். நாலு பேர் பார்த்தார்கள். ஓடி ஒளிந்துகொள்வாள் என்று நினைத்தான் போல. அவள் கிட்டே போய், நெஞ்சு நிறைய மூச்சிழுத்து, அவன் தொப்பி அசைகிற மாதிரி முகத்திலேயே ஊதினாள். “என்ன வாசன வந்துச்சு? இட்டுக்கட்டாம சொல்லு.” அவன் யோசித்து, “மருந்து வாசன” என்றான். “அப்ப மருந்துன்னு உரக்கச் சொல்லு, எல்லாருக்கும் கேக்கட்டும்.” சொன்னான்.

இரத்தத்தில் இப்போது இருபத்தெட்டு இருந்தது.

இந்த மருந்தில் ஒரு வில்லங்கம் உண்டு என்று டாக்டரம்மா விளக்கினார். வெளியே மருந்து ஜன்னலில் நிற்கும் வரிசையைக் காட்டினார். உள்ளே ஒரே ஒரு ஆள். நிமிடத்துக்கு இரண்டு பேருக்குத்தான் அவரால் மருந்து கொடுக்க முடியும். நிமிடத்துக்கு ஒருவர் வந்தால் வரிசையே இருக்காது. இரண்டு பேர் வந்தால் தட்டுத் தடுமாறி ஓடும். அதற்குமேல் ஒரே ஒரு ஆள் கூடினாலும், மாலைக்குள் வரிசை தெருவுக்கு வந்துவிடும். கல்லீரல் இந்த மருந்தைக் கரைத்து வெளியேற்றுவதும் அப்படித்தான். அதன் கை நிரம்பிவிட்டால், மேலே கொஞ்சம் கூட்டினாலும் இரத்தத்தில் மளமளவென்று ஏறிவிடும். அதனால்தான் இதைச் சொட்டுக் கணக்கில் கூட்ட வேண்டும், குறைக்க வேண்டும்.

“ஆனா, அஞ்சுல இருந்தவங்க வேளைக்கு ஒரு மில்லி கூட்டினதுக்கு இருபத்தெட்டுக்குப் போக மாட்டாங்கம்மா” என்றார் அவர். “பயத்துல ரெண்டு மடங்கு குடிச்சிருக்கீங்க.”

கையெழுத்துப் போட்ட காலண்டரை அவள் நீட்டினாள். வீட்டுக் காலண்டரைக் கோப்பில் சேர்க்க முடியாது என்றார் டாக்டரம்மா. பழைய அளவுக்கே திரும்பச் சொல்லிவிட்டு இன்னொரு வரி எழுதினார். ‘இஷ்டப்படி கூட்டி எடுக்கிறார்.’

அன்று பேருந்தில் ஜன்னலோரம் உட்கார்ந்து அவள் கணக்குப் போட்டாள். ஒரே ஆள், ஒரே வாய், ஒரே சிரிஞ்ச். முதல் நாள் திருடி, மூன்றாம் வாரம் பேராசைக்காரி. இரண்டில் ஒன்றாவது உண்மையாக இருந்தால் ஒப்புக்கொண்டு போகலாம், இரண்டுமே பொய் என்பது அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரிந்து என்ன, கோப்பு அல்லவா பேசுகிறது. “அந்த ரெண்டு வரியையும் அந்தம்மா கையாலேயே அடிக்க வைக்கலன்னா நான் கலவை இல்ல” என்று வாய்விட்டே சொல்லிவிட்டாள். முன்சீட்டுக்காரர் திரும்பிப் பார்த்தார்.

மறுவாரம் ஒரு பெயிண்டர் கடைக்குள் ஆடிக்கொண்டே வந்தான். குடி இல்லை, கோபம். ஒரே டின், ஒரே அறை. முதல் சுவர் வெளிறிய மஞ்சள், நாலாவது சுவர் சாணி மாதிரி மஞ்சள். வீட்டுக்காரர் அவனைக் காய்ச்சி எடுத்துவிட்டாராம். கலவையக்கா கலவையைக் கோட்டை விட்டுவிட்டாள், அவளுக்குத்தான் உடம்பு சரியில்லையே, என்று வாசலிலிருந்தே கத்தினான். முதலாளி எட்டிப் பார்த்தார்.

அவள் காலி டின்னை வாங்கி, குச்சியை விட்டு அடியைச் சுரண்டினாள். மண்டி திரண்டு வந்தது.

“கலக்கினியா?”

“நீதான் கலக்கித் தந்தியே.”

“நான் கலக்கினது போன வாரம். டின்ன மூடி வச்சா சாயம் உனக்காக மிதந்துட்டே இருக்குமா? மேல இருக்கற தண்ணிய முதல் சுவருக்கு அடிச்ச, அடியில இருந்த மண்டிய கடைசிச் சுவருக்கு அடிச்ச. டின்னு ஒன்னுதான்டா, நீ அடிச்சது நாலு நிறம்.”

அவன் முகம் சுண்டிப்போனது. பெயிண்டர்கள் ஒரு மாதத்துக்கு அவனை ‘நாலு சுவர்’ என்று கூப்பிடப் போதுமான பேச்சு அது. கலவையக்காவும் அன்று முழுக்க அதை நினைத்துச் சிரித்தாள். சிரித்தாளே தவிர, அது தன் கதை என்று அவளுக்கு உறைக்கவில்லை.

மறுநாள் காலையில்தான் உறைத்தது. அன்று புதுப் பாட்டில். அண்ணி சிரிஞ்சை மேலாக விட்டு உறிஞ்சினாள். ஆவென்று வாயைத் திறந்திருந்த கலவையக்காவின் கண், பழக்க தோஷத்தில், சிரிஞ்சுக்குள் இருந்த நிறத்தைப் பார்த்தது. நீர்த்த இளஞ்சிவப்பு. ஓரமாக, இன்னும் வெந்நீர் விட்டுக் கழுவாமல் வைத்திருந்த பழைய பாட்டிலின் அடியைப் பார்த்தது. செங்கல் சிவப்பு.

வாயை மூடிவிட்டாள். “என்னடி?” என்றாள் அண்ணி.

அண்ணி கத்தக் கத்த, அவள் வளையத்திலிருந்து பாட்டிலை உருவி எடுத்தாள். எட்டு மாதமாக மரவளையம் மறைத்திருந்த இடத்தில், பாட்டிலில் ஒட்டிய தாளில், எறும்பு எழுத்தில் ஒரு வரி இருந்தது. ஒவ்வொரு முறையும் நன்றாகக் குலுக்கியபின் பயன்படுத்தவும்.

அது கரைந்த மருந்து இல்லை, நீரில் மிதக்கும் பொடி. நிற்கவிட்டால் பொடி கீழே இறங்கிவிடும். பாட்டில் தொடங்கும் நாட்களில் அவள் குடித்தது பாதி வெறும் நீர், அப்போது வலிப்பு. முடியும் நாட்களில் குடித்தது முழுக்க மண்டி, அப்போது தள்ளாட்டம். கடைசியில் வெந்நீர் விட்டுக் கழுவிக் கொடுத்ததும் சேர்ந்துகொண்டது. தாங்கி வருவதற்கு முன் அவளே ஊற்றிக் குடித்த வருடங்களில் ஏன் ஒன்றும் ஆகவில்லை? அவள் கை எந்த டப்பாவையும் ஒரு குலுக்குக் குலுக்கிவிட்டுத்தான் திறக்கும். மருந்துக்காக அல்ல, தொழில் பழக்கம். அந்தக் கையிடமிருந்து பாட்டிலை வாங்கிச் சுவரில் ஆணியடித்துவிட்டார்கள்.

மருந்து ஜன்னலில் தந்த சீட்டுகளை அண்ணி ஒரு டப்பாவில் சேர்த்து வைத்திருந்தாள். அவற்றின் தேதிகளையும் காலண்டரில் சுழித்திருந்த நாட்களையும் தரையில் பரப்பி வைத்தார்கள். ஐந்து வலிப்பும் புதுப் பாட்டில் தொடங்கிய முதல் வாரத்தில். தள்ளாடிய நாட்கள் எல்லாம் கடைசி வாரத்தில். அண்ணி தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். “கடைசிச் சொட்டு வரைக்கும் என் கையால குடுத்தேனேடி” என்றாள். அந்தக் கூர்வாயிலிருந்து அப்படி ஒரு குரல் வந்ததை அவள் அதுவரை கேட்டதில்லை.

பாட்டிலைக் குலுக்கி அன்றைய வேளையைக் குடித்த பிறகு, அவள் தனக்குத் தெரிந்த வேலையைச் செய்தாள். வீட்டில் இன்னொரு பாட்டில் இருந்தது. அளவு மாற்றியபோது ஒதுக்கி வைத்தது, பாதிக்குமேல் இருந்தது. அதை இரண்டு நாள் அசையாமல் நிற்கவிட்டாள். சிரிஞ்சால் மேலிருந்து ஒரு சொட்டு, நடுவிலிருந்து ஒரு சொட்டு, அடியிலிருந்து ஒரு சொட்டு எடுத்து, கடையின் வெள்ளை அட்டையில் தீற்றி, மின்விசிறியில் காயவைத்தாள். தீற்றுகளின் கீழே எழுதினாள்: மேல், நடு, அடி. குருடன்கூடத் தடவிச் சொல்லலாம், அடித் தீற்று அவ்வளவு கெட்டி.

அண்ணனிடம் சொல்வதுதான் கடினமாக இருந்தது. அவர் அட்டையைப் பார்த்தார், தாங்கியைப் பார்த்தார். போய் ஆணி பிடுங்கும் கடப்பாரையை எடுத்து வந்தார்.

“என் கையாலயாம்மா?” என்றார்.

“உன் கையால செஞ்சது ஒழுங்காதான் நின்னுச்சுண்ணே. அது நின்னதுதான் தப்பு. ஒடைக்காத. ஆணிய மட்டும் புடுங்கு.”

ஆணிகள் போயின, வளையம் இருந்தது. ஒரு வாரத்தில் அதற்கு ஒரு கைப்பிடியும் மேலே ஒரு தாழும் முளைத்தன. பாட்டிலை வளையத்தோடு சேர்த்துப் பிடித்துத் தலைகீழாகப் பத்து முறை ஆட்டலாம், நழுவாது. அண்ணி அதைப் பாம்பை அடிக்கிற வேகத்தில் ஆட்டினாள்.

டாக்டரம்மாவின் மேசையில் கலவையக்கா மூன்றையும் வைத்தாள்: குலுக்காத பாட்டில், சீட்டுகள் ஒட்டிய காலண்டர், அட்டை. நின்றுகொண்டே பேசினாள்.

“அஞ்சுன்னு வந்தப்ப நான் குடிக்கலன்னு எழுதினீங்க. இருபத்தெட்டுன்னு வந்தப்ப அதிகமா குடிச்சேன்னு எழுதினீங்க. நான் ரெண்டு நாளும் நீங்க சொன்ன அளவுதான் குடிச்சேன். அந்த அளவுக்குள்ள என்ன இருந்துச்சுன்னு இந்த அட்டையில இருக்கு.”

டாக்டரம்மா அட்டையை ஜன்னல் பக்கம் திருப்பிப் பார்த்தார். அப்படிப் பார்க்கத் தெரிந்தவர் என்பதில் கலவையக்காவுக்கு அவர்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது. பாட்டிலைச் சாய்த்தார், அடியில் மண்டி அசையாமல் கிடந்தது. தாளில் இருந்த எறும்பு எழுத்தைப் படித்தார்.

“குலுக்கணும்னு உங்களுக்கு யாருமே சொல்லலையா?”

“எழுதியிருக்கு டாக்டர். வளையத்துக்குள்ள. வாயால யாரும் சொல்லல.”

“நான் கேட்டிருக்கணும்” என்றார் அவர், மெதுவாக. பிறகு செய்ய வேண்டியதைச் சொன்னார்: குலுக்கிக் கொடுங்கள், அளவு பழையபடியே இருக்கட்டும், பாட்டிலின் நடுவில் ஒருமுறையும் கடைசியில் ஒருமுறையும் இரத்தம் பார்ப்போம், இரண்டும் சரியாக வந்தால் கடிதம் தருகிறேன். முதலாளியின் தவணைக்கு இன்னும் இருபத்திரண்டு நாள் இருந்தது. சரிதான். ஆனால் கலவையக்கா நகரவில்லை.

“அந்த ரெண்டு வரி?”

எழுதியதைக் கோப்பிலிருந்து அழிக்க முடியாது என்றார் டாக்டரம்மா. அழிக்க வேண்டாம், அடியுங்கள் என்றாள் அவள். அடுத்த நோயாளி கதவைத் தள்ளிப் பார்த்துவிட்டுப் போனார். ரிசல்ட் வந்த பிறகு பார்க்கலாமே என்றார் டாக்டரம்மா.

“ஒரு நாள்கூட காத்திருக்காமதானே டாக்டர், நீங்க என்ன பொய்க்காரின்னு முடிவு பண்ணீங்க? இல்லன்னு எழுதறதுக்கு மட்டும் எதுக்கு காத்திருக்கணும்?”

டாக்டரம்மா பேனாவை எடுத்தார். இரண்டு வரியின் மேலும் ஒவ்வொரு கோடு இழுத்து, ஓரத்தில் கையெழுத்துப் போட்டு, கீழே எழுதினார். இந்த முறை கோப்பை அவள் பக்கம் திருப்பி வைத்தார். ‘மருந்து தவறாமல் எடுத்துள்ளார். குலுக்காததால் அளவு மாறியது. நோயாளியே கண்டுபிடித்துக் கூறினார்.’

கடைசி வாக்கியத்தை அவள் கேட்கவில்லை. அதைப் படித்தபோதுதான் கண் கலங்கியது. அது பிடிக்காமல், “கையெழுத்து கொஞ்சம் நல்லா எழுதலாம்” என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள்.

பாட்டிலின் நடுவில் பதினான்கு, கடைசியில் பதினைந்து. கடிதம் வந்தது. தவணைக்கு ஒரு நாள் முன்னால் அதை முதலாளியின் மேசையில் வைத்தாள். அவர் இரண்டு முறை படித்து, உள்ளூர நிம்மதியானார். ஆனாலும் பயம் போகவில்லை. இனி வலிப்பே வராது என்று இதில் எழுதவில்லையே என்றார்.

“யாரும் எழுத மாட்டாங்க முதலாளி. வந்தா வரும். வந்தா என்ன செய்யணும்னு உங்களுக்குத் தெரியாததுதான் உங்க பயம். அதுக்கு ஒரு வழி பண்றேன்.”

மறுநாள் கடையின் முன்பக்கச் சுவரில், நிற அட்டைகள் தொங்கும் இடத்துக்கு நடுவே, அவள் கையால் எழுதிய ஒரு பலகை இருந்தது. எழுத்து, தூரத்திலிருந்தே தெரியும் ஆரஞ்சு. எனக்கு வலிப்பு வந்தால் டின்களை நகர்த்துங்கள், என்னை நகர்த்தாதீர்கள். தலைக்குக் கீழே துணி வையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள். கை காலை அமுக்கிப் பிடிக்காதீர்கள். துடிப்பு நின்றதும் ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். ஐந்து நிமிடத்துக்கு மேல் நிற்காவிட்டால் ஆம்புலன்ஸைக் கூப்பிடுங்கள். முகத்தைச் சோகமாக வைத்துக்கொள்ள வேண்டாம்.

முதலாளி பதறிப்போனார். வருகிறவர்கள் பயந்துவிடுவார்கள், இதைப் பின்னறையில் மாட்டு என்றார். விழுவதற்கு அவள் பின்னறை வரைக்கும் நடந்துபோக முடியாது என்றாள் கலவையக்கா. “பயந்தா, நின்னு படிக்கட்டும்.” மாலைக் குப்பியையும் அவள் இப்போது அலமாரிக்குப் பின்னால் கொண்டுபோவதில்லை. ஆறு மணிக்கு மேசையருகே நின்று, பெயிண்டர்கள் பார்க்கப் பார்க்க, சாயப் பாட்டிலைக் குலுக்குகிற அதே குலுக்கு. என்ன அது என்று கேட்டால், வலிப்பு மருந்து என்று பதில்.

படித்தால் மட்டும் போதாது என்று ஒத்திகையும் பார்த்தாள். வாய ஊது என்று சொன்ன காவலாளியையே பிடித்தாள். அவன் தொப்பியைக் கழற்றி வைத்துவிட்டுக் கடைத் தரையில் நீட்டிப் படுத்தான். ‘நாலு சுவர்’ பெயிண்டர் அவன் தோளைப் பிடித்து ஒருக்களித்துத் திருப்ப, முதலாளி கையைக் கட்டிக்கொண்டு எட்ட நின்றார்.

“முதலாளி, துணி எங்க? தலை தரையில கிடக்கு பாருங்க” என்றாள்.

அவர் தன் துண்டை எடுத்து மடித்து, குனிந்து, காவலாளியின் தலைக்குக் கீழே வைத்தார். அந்த நேரம் பார்த்து ஒரு வீட்டுக்காரம்மா சுவர்த்துண்டு ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தார். தரையில் கிடக்கும் ஆளைப் பார்த்து வாசலிலேயே நின்றுவிட்டார்.

“ஒன்னும் இல்லம்மா, உள்ள வாங்க, அவர் நல்லாத்தான் இருக்கார்” என்றாள் கலவையக்கா, கையை நீட்டி. “அந்தத் துண்டக் குடுங்க. என்ன நிறம் வேணும்?”